ஆண்டிவைரல் சீட்டில் 'எப்போது தொடங்கியது' என்ற வரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. காய்ச்சல் காலமும் இரண்டு. ஜூனில் சாரல் பிடித்ததும் ஒரு சுற்று, ஐப்பசி கார்த்திகையில் அடுத்த சுற்று. அந்த வாரங்களில் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக் கடைகளுக்கு, ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தாகிய (ஆண்டிவைரல்) ஓசல்டாமிவிர் எழுதிய சீட்டுகள் வரும். கூடவே இரண்டு குறைகளும் வரும். "சாதாரண சளிக்கும் இந்தக் குளிகையா?" என்பது ஒன்று. "ஐ.சி.யூ.வுக்குப் போன பிறகுதானே கொடுத்தார்கள், முதலிலேயே கொடுத்தால் என்ன?" என்பது மற்றொன்று. (மாத்திரையைக் குளிகை என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். வெளியூர் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.) இரண்டு குறையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வேண்டாதவருக்குப் போகிறது, வேண்டியவருக்குப் பிந்திப் போகிறது. எவ்வளவு என்று கணக்கெடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஆண்டிபயாட்டிக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஓசல்டாமிவிர், அக்கிக்கும் சின்னம்மைக்கும் கொடுக்கும் அசைக்ளோவிர் போன்றவை உடலில் ஏற்கெனவே பெருகிவிட்ட வைரஸை அழிப்பதில்லை. மேலும் பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். வைரஸ் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு நோயாளி படும் பாடு பெரும்பாலும் உடலின் சொந்த அழற்சி. அதில் இந்த மருந்துகளுக்கு வேலை குறைவு. ஆகவேதான் ஃப்ளூ காய்ச்சலுக்கு 48 மணி நேரம், அக்கிக்குக் கொப்புளம் தோன்றியதிலிருந்து 72 மணி நேரம், சின்னம்மைக்கு 24 மணி நேரம் என்று எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் நம் கைக்கு வரும் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) இருக்கும், ஐந்து நாள் என்று இருக்கும். நோய் எப்போது தொடங்கியது என்பது மட்டும் இருக்காது. அது இல்லாத சீட்டைப் பார்த்து, எழுதியது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் ஃப்ளூவை எடுத்துக்கொள்வோம். ஓசல்டாமிவிர் பற்றிய ஆராய்ச்சி பல ஆண்டு வழக்காகவே நடந்தது. தயாரித்த நிறுவனத்திடமிருந்து முழு ஆய்வறிக்கைகளைப் பெறவே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவுக்கு ஆண்டுகள் பிடித்தன. 2014-ல் வந்த அந்தத் தொகுப்பின்படி, பெரியவர்களுக்கு நோய்க்குறிகள் தணிய ஆகும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது. அதாவது சுமார் 17 மணி நேர லாபம். 22 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு வாந்தி வந்தது. பின்னர் ஐரோப்பாவின் 15 நாடுகளில் 3,266 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் அச்சானது. அதில் சராசரி லாபம் ஒரு நாள். வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், நோய் தொடங்கிச் சில நாட்கள் கழித்து வந்தவர்கள் ஆகியோருக்கு இரண்டு மூன்று நாள் வரை. வெளிநோயாளிகள் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை இது தடுக்கிறதா என்று 2023-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் தென்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் மையப் பட்டியலிலிருந்து துணைப் பட்டியலுக்கு இறக்கியது. 2024 வழிகாட்டுதலிலும், ஃப்ளூ வந்தவர்களின் சிகிச்சைக்கு என்றால் கடும் நோய்க்கு மட்டுமே, அதுவும் நிபந்தனையோடு பரிந்துரைத்தது.

அப்படியானால் வீண் மருந்தா? அதுவும் இல்லை. 2009 பன்றிக் காய்ச்சல் (எச்1என்1 ஃப்ளூ) பெருந்தொற்றில் 38 நாடுகளில் மருத்துவமனையில் சேர்ந்த 29,234 நோயாளிகளின் தகவலை வைத்துப் பார்த்தபோது, முதல் இரண்டு நாளுக்குள் மருந்து கிடைத்தவர்களிடம் இறப்பு வாய்ப்பு, தாமதமாகக் கிடைத்தவர்களைவிடப் பாதியளவே இருந்தது. இது நோயாளிகளைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஆகவே முழு உறுதி கொள்ள முடியாது. ஆனால் மூச்சுத் திணறலோடு வந்தவருக்குச் சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பதை இந்தக் கணக்கு நியாயப்படுத்தாது.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 வகைப்பாடு இந்த இரண்டு பக்கத்தையும் ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் இருந்தால் ஏ பிரிவு: சோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம், வீட்டில் தனித்திருந்து 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். அதோடு கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் சேர்ந்தால் பி-1: மருத்துவர் பார்த்து முடிவு செய்யலாம். கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, நுரையீரல், இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோர் பி-2: சோதனைக்குக் காத்திராமல் மருந்து. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கநிலை, சளியில் ரத்தம், உதடு நகம் நீலம் பூத்தல், ரத்த அழுத்தம் இறங்குதல், குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவை சி: உடனே சேர்க்க வேண்டும், சோதிக்க வேண்டும், மருந்தைத் தொடங்க வேண்டும். நடைமுறையில் ஏ பிரிவினர்தான் வற்புறுத்தி மருந்து வாங்கிப் போகிறார்கள். பி-2-ல் வர வேண்டிய சர்க்கரை நோயாளி, "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று பாராசிட்டமாலோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இந்தத் தலைகீழ்தான் எங்கள் கவலை.

அளவிலும் பல சறுக்கல்கள். பெரியவர்களுக்குச் சிகிச்சை 75 மி.கி. காலை மாலை, 5 நாள்: மொத்தம் 10 கேப்சூல். நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்குத் தடுப்பு 75 மி.கி. தினம் ஒன்று, 10 நாள்: அதுவும் 10 கேப்சூல். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால், பில்லைப் பார்த்து எதற்காக வாங்கினார் என்று தெரியாது. கடையில், "அண்ணே, இப்போ நாலு போதும், பாக்கி பிறகு வாங்கலாம்" என்பார்கள். அந்த நாலு இரண்டு நாளில் தீரும், காய்ச்சல் இறங்கியிருக்கும், திரும்ப வரமாட்டார்கள். ஐந்து நாளும் முடிக்க வேண்டும் என்பதைக் கேப்சூலைக் கையில் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தி குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் எடைதான் கணக்கு. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 15 கிலோ வரை 30 மி.கி., 15-க்கு மேல் 23 கிலோ வரை 45 மி.கி., 23-க்கு மேல் 40 கிலோ வரை 60 மி.கி., அதற்கு மேல் பெரியவர் அளவு. எல்லாமே நாளுக்கு இரு வேளை. சிரப்பில்தான் ஆபத்து. ஒரு மி.லி.யில் 12 மி.கி. உள்ள மருந்தும் உண்டு, 6 மி.கி. உள்ளதும் உண்டு. 45 மி.கி. என்றால் முதலாவதில் 3.75 மி.லி., இரண்டாவதில் 7.5 மி.லி. சீட்டில் வெறும் "5 மி.லி." என்று எழுதினால் குழந்தைக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. மி.கி. அளவையும் எழுதி, குப்பியின் செறிவையும் பார்த்து, மி.லி.யாக மாற்றிச் சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுப்பதே முறை. சமையலறைக் கரண்டி ஆகாது.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) 30 முதல் 60-க்குள் இருந்தால் 30 மி.கி. இருவேளை, 10 முதல் 30-க்குள் இருந்தால் 30 மி.கி. ஒரு வேளை. 75 வயதுப் பாட்டிக்கு ரத்தக் கிரியாட்டினின் 1.2 என்று பார்த்து "நார்மல்தானே" என்று விடுவது வழக்கமான பிழை. வயதும் எடையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் 30-60 வரம்புக்குள் எளிதில் வந்துவிடுவார்.

அக்கி விஷயம் இதைவிட மோசம். காவி கரைத்துக் கொப்புளத்தின் மேல் அக்கி எழுதும் வழக்கம் தெற்கே இன்னும் இருக்கிறது. எழுதுவதை நாங்கள் இகழவில்லை. காவி தோலுக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அங்கே மூன்று நாள் எழுதிக்கொண்டு பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதில்தான் நட்டம், ஏனென்றால் 72 மணி நேரம் அதற்குள் போய்விடுகிறது. எழுதுகிறவரே, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, பிறகு எழுதலாம்" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அவரை எதிரியாக்காமல் கூட்டாளியாக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் பிழைகள் உண்டு. அக்கிக்கு அசைக்ளோவிர் அளவு 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள்: மொத்தம் 35 மாத்திரை, 28 கிராம். இந்த மருந்து குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது, ரத்தத்திலிருந்தும் சீக்கிரம் வெளியேறுகிறது. அதனால்தான் ஐந்து வேளை. நம் சீட்டின் 1-0-1, 1-1-1 கட்டங்களுக்குள் ஐந்து வேளை அடங்காது. விளைவு, 400 மி.கி. மூன்று வேளை 5 நாள் என்று எழுதப்படுகிறது. அது சாதாரண ஹெர்பிசுக்கான (உதட்டிலோ பிறப்புறுப்பிலோ வரும் கொப்புள நோய்) அளவு. கூட்டிப் பார்த்தால் 6 கிராம், வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. மருந்து கொடுத்தாயிற்று, பலன் இல்லை, "இங்கிலீஷ் மருந்து அக்கிக்குக் கேட்காது" என்று பெயரும் வந்தாயிற்று. ஐந்து வேளை ஒத்துவராது என்றால் வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, 7 நாள், 21 மாத்திரை. விலை கூடினாலும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடிப்பார்கள். அசைக்ளோவிரையே கொடுப்பதானால், ஆளின் வேலைநேரத்தைக் கேட்டு மணியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் எழுந்துவிடுகிறார்; அவருக்கு 4, 8, 12, 4, 8 என்று எழுதினால் தவறாது. கடை வைத்திருப்பவருக்கு 6, 10, 2, 6, 10. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும்.

அசைக்ளோவிர் களிம்பு அக்கிக்குப் பயன்படாது. வைரஸ் நரம்பு வேரில் இருக்கிறது. தோலின் மேல் தடவி என்ன பயன்? நெற்றியில் அக்கி வந்து மூக்கின் நுனியிலும் கொப்புளம் இருந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று பொருள். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 72 மணி நேரம் கடந்திருந்தாலும் புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண் பாதிக்கப்பட்டிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ மருந்தைத் தொடங்கத்தான் வேண்டும். எல்லை என்பது பூட்டு அல்ல. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மாதக்கணக்கில் நீடிக்கும் அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலியை அசைக்ளோவிர் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை. கொப்புளம் சீக்கிரம் காயும், தொடக்க வலி தணியும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் பிறகு நோயாளிக்கு நம் மேல் கோபம்தான் வரும்.

தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நிலை தனி. கரை திரும்ப வாரங்கள் ஆகும்போது எந்த மணிக்கணக்கும் செல்லாது. படகில் ஐம்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இருந்தால், புறப்படுமுன் மருத்துவரிடம் பேசி என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சின்னம்மைக்கு வருவோம். 12 வயதுக்குட்பட்ட, வேறு நோயில்லாத குழந்தைக்கு அசைக்ளோவிர் வழக்கமாகத் தேவையில்லை. பெரியவர்களுக்கு வந்தால் கதை வேறு, நிமோனியா ஆகலாம். புகைபிடிப்பவர், கர்ப்பிணி, ஸ்டீராய்டு எடுப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் 800 மி.கி. ஐந்து வேளை தொடங்க வேண்டும். ஆனால் அம்மன் வந்திருக்கிறாள் என்று தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே போகாமல் இருப்பது நம் வீட்டு மரபு. தனித்திருப்பது நல்ல மரபுதான், தொற்று பரவாது. மருத்துவரை வீட்டுக்கு அழைத்தாலோ, போனில் சொல்லிச் சீட்டு வாங்கி வேறொருவர் மருந்து வாங்கி வந்தாலோ அந்த மரபுக்கு ஒரு குறையும் வராது. வேப்பிலைக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை. ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய் வரலாம். ஐபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது.

இவற்றில் மிக அவசரமானது மூளைக்காய்ச்சல். காய்ச்சலோடு திடீரென்று பேச்சு குழறினால், ஆளே மாறியதுபோல் நடந்துகொண்டால், வலிப்பு வந்தால் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு, முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ரத்தக்குழாய் வழியே அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். மருந்தில்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் இறக்கும் நோய் இது. கிலோவுக்கு 10 மி.கி., 8 மணிக்கொரு முறை, 14 முதல் 21 நாள். 60 கிலோ ஆளுக்கு ஒரு வேளைக்கு 600 மி.கி.; 21 நாளுக்கு 63 வேளை. 500 மி.கி. குப்பி ஒன்றோடு நிறுத்திக்கொள்வது அடிக்கடி நடக்கும் குறை. 250 மி.கி. குப்பியையும் உடைத்து 600-ஐ நிறைவு செய்ய வேண்டும். குறைந்தது 100 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் சிறுநீரகம் அடிவாங்கும்; ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகினால் தோல் வெந்துபோகும், ஏனெனில் இந்தக் கரைசல் கடும் காரத்தன்மை உடையது. ஐந்தாம் நாள் ஆள் தெளிந்துவிட்டார் என்று மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு, நோய் திரும்பும்.

எந்த ஆண்டிவைரலும் உதவாத காய்ச்சல்களையும் சொல்ல வேண்டும். டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இல்லை, நீர்ச்சத்தும் கண்காணிப்பும்தான். எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைபசும் (உண்ணிக் காய்ச்சல்) வைரஸே அல்ல, பாக்டீரியா. வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவருக்கு ஐந்து நாள் கடந்தும் காய்ச்சல் விடாவிட்டால், அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று ஆடை விலக்கிப் பார்க்க வேண்டும். இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்று கொண்டு டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை. 'வைரல் ஃபீவர்' என்று எழுதி ஓசல்டாமிவிர் கொடுத்து அனுப்பினால் போகிற நாள் உயிரோடு விளையாடுகிற நாள். கேரள எல்லைப் பக்கம் 'பனி' என்று ஒரே சொல்லில் எல்லாக் காய்ச்சலையும் சொல்வார்கள். பேச்சில் அது சரி, சீட்டில் சரியல்ல.

கொரோனா காலத்தில் கண்டதை மறந்துவிடக் கூடாது. ஃபேவிபிராவிர் 200 மி.கி. மாத்திரையில் முதல் நாள் மட்டும் 18 விழுங்க வேண்டியிருந்தது. தேசிய வழிகாட்டுதலில் இல்லாமலே அது நாடு முழுக்க எழுதப்பட்டது. ரெம்டெசிவிருக்கு 2021-ல் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றபோது, நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி ஏறக்குறைய அரை ஆண்டு ஆகியிருந்தது. யாருக்கு, எந்த நாளில் என்ற கேள்வியை விட்டுவிட்டு 'மருந்து கிடைக்குமா' என்பதை மட்டும் கேட்டதன் விலை அது.

மஞ்சள்காமாலை பி, சி வகைகளுக்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். சி-க்குப் பெரும்பாலோருக்கு 12 வாரம் முடித்தால் போதும். பி-க்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று கொந்தளிக்கும். அங்கே பிரச்சினை தொடங்கும் நேரமல்ல, நிறுத்தும் நேரம். அது தனிக் கடிதத்துக்குரியது.

இனி கணக்கெடுப்பு. ஓசல்டாமிவிர் 2017-ல், மருந்து விற்பனை விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையிலிருந்து சற்றுத் தளர்ந்த எச்1 அட்டவணைக்கு மாற்றப்பட்டது. எச்1 மருந்தை விற்கும் ஒவ்வொரு கடையும் எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே கணக்கின் பாதி ஏற்கெனவே கடை அலமாரியில் தூங்குகிறது. அசைக்ளோவிர் எச்1-ல் இல்லை. அதற்கு பில் கட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வகுத்த மருந்துப் பயன்பாட்டு ஆய்வு முறை 20 இடம், இடத்துக்கு 30 சீட்டு, மொத்தம் 600 என்று சொல்கிறது. நமக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 9 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றுக்கு இரண்டு வீதம் 18 இடம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று. நாகர்கோவில் மாநகராட்சிக்குள் ஒன்று. ஒன்றியத்தின் இரண்டில் ஒன்று அரசு இடமாகவும் ஒன்று தனியார் இடமாகவும் இருக்கட்டும். 12 மாதச் சீட்டுகளிலிருந்து எடுக்க வேண்டும். நவம்பரை மட்டும் எடுத்தால் ஃப்ளூ மிகுந்து அக்கி மறைந்துவிடும். பதிவேட்டில் 900 வரி இருந்தால் 30-க்கு ஒன்று. முதல் வரியைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, அதிலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். கையெழுத்து புரியும் சீட்டாகப் பொறுக்கினால் ஆய்வு கெட்டது. சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு 30 ஆண்டிவைரல் சீட்டே இருக்காது. இருப்பதை முழுக்க எடுத்துக்கொண்டு, குறைந்த எண்ணிக்கையையும் அப்படியே எழுத வேண்டும்.

ஒவ்வொரு சீட்டிலிருந்தும் எடுக்க வேண்டியவை: வயது, எடை, நோய் தொடங்கிய நாள், பார்த்த நாள், எழுதிய நோய்ப்பெயர், மருந்து, மி.கி., வேளை, நாள், உண்மையில் விற்ற எண்ணிக்கை, கர்ப்பமா, கிரியாட்டினின் பார்த்ததா, அதே சீட்டில் ஆண்டிபயாட்டிக்கும் உண்டா. நோயாளி பெயரும் போன் எண்ணும் தாளில் ஏறவே கூடாது. தொடங்குமுன் மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். 600-ல் ஒரு 60 சீட்டை இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட வேண்டும்; இருவருக்கும் அடிக்கடி முரண்பட்டால் படிவத்தைத் திருத்திவிட்டு மேலே போக வேண்டும். அளவை ஒப்பிட, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறுத்த தினசரி அளவு (ஒப்பிடுவதற்கென்று வைத்த ஒரு நாள் அளவு) கைகொடுக்கும்: ஓசல்டாமிவிருக்கு 150 மி.கி., அசைக்ளோவிருக்கு 4 கிராம். அக்கிக்குச் சரியான சிகிச்சை 7 தினசரி அளவு. மேலே சொன்ன குறை அளவு ஒன்றரைதான். குறை பளிச்சென்று தெரியும்.

இதில் பெரிய பொறி ஒன்று உண்டு. மருந்துப் பதிவேட்டில் இருப்பவர்கள் மருந்து வாங்கியவர்கள் மட்டுமே. வேண்டியிருந்தும் கிடைக்காதவர் அதில் வரவே மாட்டார். ஆகவே மருந்துப் பக்கமிருந்து ஒரு கணக்கு போதாது. நோயின் பக்கமிருந்து இன்னொன்று வேண்டும். அக்கி, பெரியவர்களின் சின்னம்மை, சேர்க்கப்பட்ட நிமோனியா ஆகிய மூன்றின் பதிவுகளை எடுத்து, அவர்களில் எத்தனை பேருக்கு எத்தனையாவது மணியில் மருந்து போனது என்று பார்க்க வேண்டும். முதல் கணக்கு வீணாய்ப் போனதைக் காட்டும், இரண்டாவது விடுபட்டதைக் காட்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் காட்டிவிட்டு, மருந்தை இங்கே வாங்குவோர் ஏராளம். அந்தச் சீட்டுகளைத் தனி நிறத்தில் குறிக்காவிட்டால் நம் மருத்துவர்கள் எழுதாததற்கு அவர்கள் பழி சுமப்பார்கள்.

பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். 600 சீட்டில் ஒரு விகிதம் 50 சதவீதம் என்று வந்தால், பிழை வரம்பு இரு பக்கமும் 4 சதவீதப் புள்ளி. ஒரே இடத்துச் சீட்டுகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் உண்மையில் அது 6 வரை போகலாம். ஓர் இடத்தின் 30 சீட்டில் அதே விகிதத்துக்குப் பிழை வரம்பு 18. ஆகவே எந்த ஆஸ்பத்திரி முதலிடம், எது கடைசி என்று பட்டியல் போட இந்தக் கணக்கு உதவாது. போட்டால் அடுத்த முறை பதிவேட்டை யாரும் திறந்து காட்டமாட்டார்கள்.

ஆய்வு தொடங்கும்வரை காத்திராமல் செய்யக்கூடியது ஒரு ரப்பர் முத்திரை. மூன்று வரி போதும்: நோய் தொடங்கிய நாளும் மணியும் ஒன்று, எடை ஒன்று, கிரியாட்டினின் ஒன்று. ஓ.பி. சீட்டு எழுதும் மேசையிலேயே அடித்து, முதல் இரண்டு வரியையும் அங்கிருக்கும் நர்ஸ் நிரப்பலாம். "எப்போ தொடங்குச்சு?" என்று கேட்டால் "ரெண்டு மூணு நாளா" என்றுதான் பதில் வரும். "நேற்று ராத்திரி சோறு தின்னும்போது இருந்ததா?" என்று கேட்டால் மணி வந்துவிடும். முத்திரையைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். நீலத்தில் அடித்தால் பேனா எழுத்தோடு கலந்து பிறகு படிக்க முடியாது.

இப்படிக்கு,
மருத்துவத்திலும் மருந்தகத்திலும் பணியாற்றும் சிலர்,
நாகர்கோவில்.